கரையில் மீன் ஏன் மூச்சுத் திணறுகிறது?

"காற்றில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, தண்ணீரில் கொஞ்சம்தான் கரைந்திருக்கிறது என்று படித்தேன். அப்படியானால் மீனை வெளியே எடுத்தால் அது இன்னும் நன்றாக அல்லவா மூச்சுவிட வேண்டும்?" ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் இப்படி எழுதிக் கேட்டிருந்தார். பின்குறிப்பாக, "மீன் தண்ணீர் குடிக்குமா?" என்று இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், செவுளில் இருக்கிறது.

செல்லுக்கு ஆக்சிஜன் வேண்டும், கழிவு வெளியேற வேண்டும். இது பள்ளிப் பாடம். இரண்டும் நடப்பது பெரும்பாலும் பரவலால்தான். மிகுதியாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாகவே நகர்கின்றன. செலவில்லாத ஏற்பாடு, ஆனால் தூரம் கூடினால் கைவிட்டுவிடும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஆக்சிஜன் தண்ணீருக்குள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கடக்க நொடியின் சிறு பகுதி போதும். ஒரு மில்லிமீட்டருக்குச் சில நிமிடங்கள், ஒரு சென்டிமீட்டருக்குப் பல மணி நேரம். அதனால்தான் அமீபாவுக்கு நுரையீரல் இல்லை, நமக்கு இருக்கிறது.

நுரையீரல் ஆக்சிஜனைச் சுரந்து இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று டென்மார்க்கின் உடலியங்கியல் அறிஞர் கிறிஸ்டியன் போர் நம்பினார். அவருக்கு உதவியாளராக இருந்த ஆகஸ்ட் குரோக், மனைவி மரீயுடன் சேர்ந்து நுணுக்கமாக அளந்து, 1910இல் அதை மறுத்தார். தள்ள யாரும் தேவையில்லை, பரவலே போதும். குருவின் கருத்தைக் குருவின் கண்முன்னே உடைப்பதற்கு அளவுகோலை விடத் துணிச்சல்தான் அதிகம் வேண்டும்.

இனி மீனின் நெருக்கடிக்கு வருவோம். ஒரு லிட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 210 மில்லிலிட்டர் இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரிலோ ஐந்து முதல் பத்து மில்லிலிட்டர்தான். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. இத்தனை கனமான பொருளை ஓயாமல் இறைத்து, இத்தனை சொற்பமான சரக்கைப் பிரித்தெடுக்க வேண்டும். (ஆக்சிஜன் ஏற்றிய குடிநீர் என்று புட்டியில் விற்கிறார்கள். வழக்கத்தைவிட ஐந்து மடங்கு ஏற்றியிருந்தால்கூட, அரை லிட்டர் காற்றை இழுக்கும் ஒரே மூச்சில் வருவதைவிட அது குறைவு. குடலில் செவுள் முளைத்தவர்கள் மட்டும் வாங்கலாம்.)

நாம் உள்ளிழுத்த ஆக்சிஜனில் ஏறத்தாழ கால் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே விட்டுவிடுகிறோம். வசதியுள்ளவரின் ஊதாரித்தனம் அது. மீன் அப்படிச் செய்ய முடியாது. சில மீன்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனில் எண்பது சதவீதம் வரை பிழிந்தெடுத்துவிடுகின்றன.

எப்படி? செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புச் சீப்பு போலத் தெரியும். அந்தச் சீப்பின் ஒவ்வொரு பல்லிலும் நுண்ணிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. தகட்டுக்குள் இரத்தம் ஓடுகிறது, தகடுகளின் இடுக்கில் தண்ணீர் ஓடுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன! இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

நீங்களும் போடலாம். தண்ணீரில் ஆக்சிஜன் 100 பங்கு, வந்து சேரும் இரத்தத்தில் 10 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே திசையில், சம அளவில் ஓடினால், தொடக்கத்தில் ஆக்சிஜன் பாய்ந்து செல்லும். போகப்போக வேகம் தணிந்து, இரண்டும் 55 என்ற இடத்தில் சமமாகி நின்றுவிடும். அதற்கு மேல் தகடு எத்தனை நீளமாக இருந்தாலும் பயனில்லை. திசையை மட்டும் மாற்றுங்கள். 10 பங்கோடு நுழையும் இரத்தம், ஏற்கெனவே 20 பங்காக வற்றி வெளியேறும் தண்ணீரைச் சந்திக்கிறது. அந்த வறிய தண்ணீரிடமும் அதற்குக் கிடைக்க ஏதோ இருக்கிறது. இரத்தம் முன்னேற முன்னேற, எதிரே வரும் தண்ணீரும் செழுமையாகிக்கொண்டே வருகிறது. கடைசியில் 90 பங்கோடு வெளியேறும் தறுவாயிலும், எதிரே 100 பங்குள்ள புதுத் தண்ணீர் நிற்கிறது. வழி நெடுகிலும் வித்தியாசம் பத்துதான். ஆனால் அந்தப் பத்து ஓரிடத்திலும் தீர்ந்துபோவதில்லை. சவ்வு அதேதான், இரத்தமும் அதேதான், திசை மட்டுமே வேறு. சோதனையில் மீனின் செவுள் வழியே தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்; பிடிபட்ட ஆக்சிஜன் அதல பாதாளத்துக்குச் சரிந்தது.

டயாலிசிஸ் கருவியிலும் இரத்தம் ஒரு பக்கமும் கழுவும் திரவம் எதிர்ப் பக்கமுமாக ஓடுவது இதே கணக்கில்தான். செவுளைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள் என்று கதை கட்ட மாட்டேன். வெப்பத்தைப் பரிமாறும் குழாய்களில் பொறியாளர்கள் முன்பே அறிந்திருந்த உத்தி இது. ஆனாலும், செவுளை ஆராய நிதி கேட்பவரிடம் முதல் பக்கத்திலேயே "இதனால் மனிதருக்கு என்ன பயன்?" என்று கேட்கும் படிவங்களைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. பல சிக்கல்களுக்கு அதை ஆராய மிக வசதியான விலங்கு ஒன்று எங்கேயோ இருக்கும் என்று அதே குரோக் 1929இல் சொன்னார். அது எந்த விலங்கு என்று படிவம் நிரப்பும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

மாணவியின் கேள்விக்கு விடை: ஓவியம் தீட்டும் தூரிகையைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். முடிகள் விரிந்து தனித்தனியாக மிதக்கும். வெளியே எடுங்கள், எல்லாம் ஒட்டி ஒரே கூராகிவிடும். கரையில் செவுளுக்கும் இதுதான் நேர்கிறது. தகடுகளைத் தாங்கி நிறுத்தியிருந்த தண்ணீர் போய்விட, அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சரிகின்றன. பரவலுக்கான பரப்பில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. மிச்சமும் உலரத் தொடங்குகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் உள்ளே நுழைய வாசல் இல்லை. பனையேறிக் கெண்டை தலைக்குள் தனி உறுப்பு வைத்துக் காற்றையே சுவாசிப்பதால் தப்பிக்கிறது.

பின்குறிப்புக்கும் விடை சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் நுழையும் அளவுக்கு மெல்லிய சுவர் தண்ணீரையும் உப்பையும் முழுதாகத் தடுக்க முடியாது. நன்னீர் மீனின் உடலில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம் என்பதால் தண்ணீர் தானே உள்ளே கசிகிறது. அது தனியாகக் குடிப்பதே இல்லை எனலாம். நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்துக்கொண்டே இருக்கும். கடலில் வாழும் எலும்பு மீன்களின் பாடு நேர்மாறு. உடலிலிருந்து தண்ணீர் வெளியே கசிவதால் அவை கடல்நீரைக் குடிக்கின்றன. கூடவே வந்த உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் ஆற்றலைச் செலவழித்து வெளியே இறைக்கின்றன. ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும் சால்மன், புறப்படும் முன்பே செவுளில் அந்தச் செல்களை மாற்றியமைக்கத் தொடங்கிவிடுகிறது.