ரெய்ஸ்: உயர்த்தலா, ஏற்றலா?

போக்கர் மேசையில் ஒருவர் 1,000 பணயம் கட்டியிருக்கிறார். அடுத்தது உங்கள் முறை. வாயைத் திறக்காமல் 5,000 மதிப்புள்ள ஒற்றைச் சில்லை எடுத்து நடுவில் வைக்கிறீர்கள். அது ரெய்ஸ், அதாவது பணயத்தைக் கூட்டியது, ஆகாது. அவருடைய ஆயிரத்துக்குச் சரிக்கட்டியதாகவே கணக்கு. மீதி நாலாயிரத்தைச் சீட்டுப் போடுபவர் உங்களிடமே தள்ளிவிடுவார். சில்லு மேசையைத் தொடுமுன் 'ரெய்ஸ்' என்று சொல்லியிருந்தால் அதே சில்லு முழு 5,000 ஆகியிருக்கும். சொன்னபின் பின்வாங்கவும் முடியாது. சினிமாவில் வருவதுபோல, "உன் ஆயிரம் இதோ... அதுக்கு மேல இன்னொரு நாலாயிரம்!" என்று இரண்டு தவணையாக நீட்டி முழக்கினாலும் முதல் தவணையோடு நிறுத்திவிடுவார்கள். சொல்லே செயலாகிவிடுகிற இடம் இது. அதனால் இதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஒலிபெயர்ப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'ரைஸ்' என்று எழுதினால் சோறாகிவிடும். 'ரெய்ஸ்' என்பதே சரி.

பொருள் இதுதான்: ஏற்கெனவே ஒருவர் கட்டிய பணயத்தைவிடக் கூடுதலாகக் கட்டி, மற்றவர்களும் ஆட்டத்தில் நீடிக்க வேண்டுமானால் அந்தப் புதிய தொகைக்கு வந்தாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்குவது. பணம் கூடுவது பாதிப் பொருள். மற்றவரைப் பதில் சொல்ல வைப்பது மீதிப் பாதி.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'ரீசா' என்றால் எழுதல், 'ரெய்சா' என்றால் எழுப்புதல். நம் இலக்கணத்தில் சொன்னால் தன்வினையும் பிறவினையும். உயர், உயர்த்து; எழு, எழுப்பு; ஏறு, ஏற்று என்று தமிழ் செய்கிற அதே வேலை. ஆக, வேர்ப்பொருளைப் பார்த்தால் 'உயர்த்து' கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் போக்கருக்கு முந்தைய ஆங்கிலச் சீட்டாட்டங்களில் இந்தச் செயலுக்கு வேறொரு சொல் இருந்தது: 'வை'. பதிலுக்கு இன்னும் கூட்டினால் 'ரீவை'. இன்று அந்த 'வை' போட்டியிடுதல் என்ற பொதுப்பொருளில்தான் ஆங்கிலத்தில் மிஞ்சியிருக்கிறது. அது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல், மூலப்பொருள் 'அழைத்தல்'. வா, வந்து பார் என்கிற அழைப்பு. நம்மூரில் யாராவது "வை பார்ப்போம்" என்று பணத்தை மேசையில் தட்டினால் அந்தப் பழைய ஆங்கிலேயனுக்குப் புரிந்திருக்கும்போல. இந்த ஒலி ஒற்றுமை தற்செயல்தான். யாரும் வேர் ஆராய்ச்சிக்குப் புறப்பட வேண்டாம்.

போக்கர் என்ற பெயரையே பிரெஞ்சு 'போக்' ஆட்டத்தோடும், 'பொக்கன்' என்ற ஜெர்மன் வினையோடும் பொதுவாகத் தொடர்புபடுத்துவார்கள். பொக்கன் என்றால் தட்டுதல், வீறாப்புப் பேசுதலும்கூட. தமிழில் 'அறைகூவல்' என்கிறோமே, அறைதலும் கூவுதலும் சேர்ந்த சொல், அதற்கு மிகப் பக்கத்தில் வருகிறது. ரெய்ஸின் மீதிப் பாதிப் பொருளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மேசையில் சொல்ல 'அறைகூவல்' ரொம்ப நீளம், கொஞ்சம் மேடைத்தமிழ் வாடையும் அடிக்கிறது.

பேச்சுவழக்கில் நமக்கு உடனே வருவது 'ஏத்துறது'தான். ஏலத்தில் "அவன் ஏத்திக்கிட்டே போறான்" என்போம். இதையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், எழுத்தில் ஒரு பொறி காத்திருக்கிறது. ஏறு என்பதிலிருந்து வரும் 'ஏற்றுதல்' கூட்டுவதைக் குறிக்கும். ஏல் என்பதிலிருந்து வரும் 'ஏற்றல்' ஒப்புக்கொள்வதைக் குறிக்கும். போக்கரில் ஒன்று ரெய்ஸ், மற்றது 'கால்' (call), அதாவது எதிராளியின் தொகைக்குச் சரிக்கட்டுதல். இரண்டும் நேர் எதிரான முடிவுகள். 'பணயத்தை ஏற்றான்' என்று எழுதினால் ஒப்புக்கொண்டான். 'ஏற்றினான்' என்றால் கூட்டினான். ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒருவனுடைய மொத்தச் சில்லும் போய்விடும். அதனால் ரெய்ஸுக்கு 'உயர்த்தல்', காலுக்கு 'ஈடு கொடுத்தல்' என்பது என் பரிந்துரை.

ஈடு என்பதை வேண்டுமென்றே எடுக்கிறேன். சமம், ஒப்பு என்ற பொருளும் அதில் இருக்கிறது. எதிராளிக்குத் தாக்குப்பிடித்தல் என்ற பொருளும் இருக்கிறது. போட்டியில் பெரிய உயர்த்தல் வரும்போது வலுவான தொடக்கக் கை, அதாவது முதலில் விழுந்த நல்ல சீட்டுகள், வைத்திருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான். என் கை நல்ல கையா என்பதல்ல. இந்த உயர்த்தலுக்கு ஈடு கொடுக்குமா என்பது.

'கை' என்பதை மொழிபெயர்ப்பு என்று ஒதுக்க வேண்டாம். "நல்ல கை விழுந்திருக்கு" என்று நம் சீட்டுக்காரர்கள் சொல்வதுதான். 'கவறும் கழகமும் கையும்' என்று சூது அதிகாரத்தில் வள்ளுவரே கையைச் சேர்த்திருக்கிறார். அங்கே அது காய் உருட்டும் கைத்திறன்.

டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. 1,326 விதமாக அவை விழலாம். அதில் ஏஸ் ஜோடிக்கு 6 வழி, ஏஸ்-ராணிக்கு 16 வழி. ஏஸ்-ராணி கண்ணுக்கு அழகான கை. முதல் ஆளாக உயர்த்தத் தாராளமாகப் போதும். ஆனால் உங்களுக்கு முன்னால் ஒருவர் பெரிதாக உயர்த்திவிட்டால் அதே கை சட்டென்று மெலிந்துபோகிறது. போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதற்கு 'கேப்' என்று பெயர் வைத்தார்: தானாக ஆட்டத்தைத் திறக்கப் போதுமான கைக்கும், இன்னொருவர் திறந்தபின் உள்ளே நுழையத் தேவையான கைக்கும் உள்ள இடைவெளி.

கணக்காகவே பார்க்கலாம். சீட்டுப் போடுமுன் இருவர் வைத்தாக வேண்டிய கட்டாயப் பணயங்கள் 500, 1,000. மேசைக்குப் பொதுவான கட்டாயத் தொகை இன்னொரு 1,000. முதல் இருக்கையில் இருக்கும் நிதானமான ஆட்டக்காரர் தன்னிடமுள்ள 12,000-ஐயும் வைத்துவிட்டார். நடுவில் 14,500 கிடக்கிறது. நீங்கள் 12,000 போட்டால் மொத்தம் 26,500. நட்டமில்லாமல் இருக்க நூற்றுக்கு 45 முறையாவது வெல்ல வேண்டும். அவரிடம் பத்து ஜோடியோ அதற்கு மேலோ, அல்லது ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கெதிரே உங்கள் ஏஸ்-ராணி சுமார் 35 முறைதான் வெல்லும். பார்வைக்குச் சாதாரணமான ஜாக் ஜோடியோ சுமார் 47 முறை வெல்லும். மயிரிழையில் தப்பிக்கிறது. அவர் இன்னும் இறுக்கமான ஆள், ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா தவிர வேறெதற்கும் அசையமாட்டார் என்றால், உங்கள் ராணி ஜோடிகூட 40-க்குத்தான் நிற்கும். ராணி ஜோடியைக் கவிழ்த்துவிட்டு விலக மனசு வராது என்பது வேறு விஷயம்.

இது சில்லுக் கணக்கு மட்டும். போட்டியில் போன சில்லைக் காசு கொடுத்து நினைத்த நேரத்திலெல்லாம் மீட்க முடியாது. பரிசு வரிசைக்கு ஓரிரண்டு பேர் முன்னால் வெளியேறுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த நேரத்தில் இழக்கும் சில்லின் விலை, வெல்லும் சில்லின் விலையைவிட அதிகம். அப்போது 47-உம் போதாமல் போகலாம்.

இந்தக் குடும்பத்தில் ஒரு சொல்லையாவது திருத்த வேண்டும். 'த்ரீ-பெட்' என்பதை 'மும்மடங்கு' என்று தமிழாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. கட்டாயப் பணயம் முதல் பணயம், அதன்மேல் வரும் உயர்த்தல் இரண்டாவது, அதற்கும் மேல் உயர்த்தினால் மூன்றாவது. அந்த வரிசை எண்தான் பெயரானது. எத்தனை மடங்கு என்ற கணக்கே அதில் இல்லை. 'மறு உயர்த்தல்' போதும். இருக்கிற சில்லு முழுவதையும் வைக்கும் ஆல்-இன் என்பதற்கு 'முழுப்பணயம்' ஏற்கெனவே காதுக்குப் பழகியதுபோல் இருக்கிறது. சீட்டைப் போட்டுவிட்டு விலகும் ஃபோல்டுக்குக் 'கவிழ்த்தல்'.

லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் போட்டியில் ஆட்டச் சுற்று நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டுமே பேசலாம் என்பது விதி. அங்கே 'உயர்த்துகிறேன்' என்று சொல்லி யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம். இந்தச் சொற்கள் ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதவும் பேசவும்தான். இப்படி: "முதல் இருக்கைக்காரர் முழுப்பணயம், 12,000. என்னிடம் ஏஸ்-ராணி, கவிழ்த்தேன். பக்கத்தில் இருந்தவர் ஜாக் ஜோடியோடு ஈடு கொடுத்தார். எதிரே திறந்தது ஏஸ்-ராஜா."