சரக்கு ஆம்பூரில், விலை பெரியமேட்டில்

சென்னை சென்ட்ரலிலிருந்து பெரியமேட்டுக்கு நடந்தால், தோல் மண்டி வந்துவிட்டது என்று கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். அங்கே தலைமுறைகளாகக் கைமாறிய சரக்கில் கணிசமான பங்கு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையிலிருந்து போனது. வடஆற்காட்டுச் சரக்குக்குப் பட்டணத்தில் விலை பேச முடிந்ததற்குப் பாதிக் காரணம் ஒரு செடி.

உரித்த தோல் நம் ஊர் வெயிலில் ஒரு நாள் தாங்குவதே பெரிது. உப்புப் போட்டால் சில வாரம் தள்ளலாம். ஆனால் கப்பலில் ஈரத்துக்கும் உப்புக்கும் சேர்த்தல்லவா கூலி கட்ட வேண்டும்?

பாலாற்றங்கரைக் காடுமேடெல்லாம் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். அதன் பட்டைதான் விஷயம். தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். பச்சைத் தோலில் நார்களுக்கு நடுவே தண்ணீர் நிற்கும். பட்டை ஊறிய தண்ணீரில் போட்டால், பட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ளே புகுந்து, தண்ணீர் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நாரோடு நாரைப் பிணைக்கும். அப்புறம் பாக்டீரியாவின் பல் அதில் இறங்காது. சுமார் 60 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கிவிடுகிற தோல், 75 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். அது இல்லாவிட்டால் ஆவாரைத் தோல் வெளிச்சம் பட்டுச் சிவந்துபோகும்.

இப்படிப் பாதி பதனிட்ட தோல் காய்ந்தது, கனம் குறைந்தது, கெடாதது. அடுக்கி வைக்கலாம், தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கலாம். முக்கியமாக, அதன் பேரில் முன்பணம் கொடுக்கலாம். அழுகும் சரக்கை நம்பி எந்த மண்டிக்காரர் கடன் தருவார்? 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு தண்டவாளம் பாலாற்றை ஒட்டியே மேற்கே நீண்டது. 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் இந்தத் தோல் லண்டனில் ஏலம் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கும் போனது.

1970களின் தொடக்கத்தில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்டது. முழுதாகப் பதனிட்டு, ஷூவாகவே விற்கும் காலம் வந்தது. வாரக்கணக்கில் ஆகும் பட்டை வேலையை ஒரே நாளில் முடிக்கிற குரோமியமும் பரவியது. தோல் கழிவு கலந்து பாலாறு என்ன ஆனதென்று தெரியும்; 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது.

எல்லோரும் குரோமியத்தைத்தான் திட்டுகிறோம். கழிவுநீரில் சுண்ணாம்பு போன்ற காரம் சேர்த்தால் குரோமியம் அடியில் படிந்துவிடும், பிரித்தெடுக்கலாம். உப்பு அப்படியில்லை. தொலைவிலிருந்து வரும் தோல் அழுகாமலிருக்கப் போட்ட அதே உப்பு, தண்ணீரில் கரைந்தே நிற்கிறது. அதைப் பிரிக்கத் தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ளி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும்.