கூரையில் விளையும் மின்சாரத்துக்குக் கணக்கு எழுதும் முறை

பகல் வேளையில் கூரையிலுள்ள சூரியப் பலகைகள் தரும் மின்சாரம் வீட்டுத் தேவையை மிஞ்சும்போது, பலகைகளின் மின்சாரத்தை வீட்டுக்கும் தெருக் கம்பிக்கும் ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டர் கருவி தன் மின்னழுத்தத்தைத் தெருக் கம்பியினுடையதைவிடச் சற்றே உயர்த்தி, அந்த மிகையை வெளியே தள்ளுகிறது. அது எங்கும் சேமிக்கப்படுவதில்லை; பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீட்டு விசிறியோ குளிர்சாதனப் பெட்டியோ அதே கணத்தில் அதைச் செலவழித்துவிடுகிறது. மின்மானியின் இரு பதிவேடுகள்தான், வாங்கிய அலகுகளையும் கொடுத்த அலகுகளையும் தனித்தனியே குறித்துவைக்கின்றன.

அந்த இரு எண்களை எப்படிக் கழிப்பது என்பதில்தான் திட்டங்கள் வேறுபடுகின்றன. இலங்கையில் 2016ஆம் ஆண்டு கூரைச் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் தொடங்கியபோது மூன்று வழிகள் இருந்தன. ஒரு வீடு மாதத்தில் 360 அலகுகளை உற்பத்தி செய்து, அதில் 120ஐத் தானே பயன்படுத்தி, 240ஐ வெளியே கொடுத்து, இரவில் 180ஐ வாங்குகிறது என்று கொள்வோம். நெட் மீட்டரிங் முறையில் மிஞ்சும் 60 அலகுகள் பணமாகாமல் அடுத்த மாதக் கணக்கில் வரவாக நிற்கும். நெட் அக்கவுண்டிங் முறையில், முதல் 7 ஆண்டுகளுக்கு அப்போது அறிவிக்கப்பட்ட அலகுக்கு 22 ரூபாய் வீதப்படி, அதே 60 அலகுகளுக்கு 1,320 ரூபாய் கிடைக்கும். நெட் பிளஸ் முறையிலோ 360 அலகுகளும் விற்கப்பட்டு, வீடு செலவழித்த 300 அலகுகளுக்கு வழக்கமான மின்பட்டியல் தனியே வரும்.

முதலிரு முறைகளிலும் நண்பகலில் கொடுத்த அலகும் இரவில் வாங்கிய அலகும் ஒரே மதிப்புடையனவாகக் கழிக்கப்படுகின்றன. மின்கட்டமைப்புக்கு அவை ஒன்றல்ல. இலங்கையில் மின்தேவை உச்சத்தைத் தொடுவது மாலை 6.30க்குப் பின்னர்தான், அவ்வேளையில் செலவு மிகுந்த, எண்ணெயில் இயங்கும் மின்நிலையங்களையும் இயக்க நேரிடுகிறது. தொழிற்சாலைகள் மூடியிருக்கும் விடுமுறைப் பகல்களில் நிலைமை தலைகீழாகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, தேவை மிகவும் குறைந்திருந்ததால், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

நம்பி முதலிட்ட குடும்பங்களுக்கு அந்தக் கோரிக்கை கசப்பாக இருந்ததில் வியப்பில்லை, ஏனெனில் நிறுத்திய நேரத்துக்கு வரவு எழுத மின்மானியில் எதுவும் பதிவாகாது. ஆயினும், சுழலும் பெரிய மின்னாக்கிகளின் பங்கு குறையும்போது மின்கட்டமைப்பு, மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதைக் குறிக்கும் அதிர்வெண்ணின் மாற்றங்களை எளிதில் தாங்காது என்பது உண்மையே. ஆகவே இப்போது கணக்கில் சேரவேண்டியது அலகுகளின் எண்ணிக்கையோடு அவை வந்த மணியும்தான்: நண்பகல் மிகையை மின்கலத்தில் வைத்திருந்து மாலையில் விடும் வீட்டுக்குக் கூடுதல் வீதம் கொடுத்தால், அந்த ஒவ்வோர் அலகும் எண்ணெய் எரிக்கும் தேவையை நேரடியாகக் குறைக்கும்.