78 டிகிரியில் ஏன் ஒரு சொட்டும் விழவில்லை?

பிராந்தி என்பது 'பிராண்டவைன்' என்ற டச்சுச் சொல்லின் தேய்வு. எரித்த ஒயின் என்று பொருள். உண்மையில் அதை யாரும் எரிப்பதில்லை. சித்த மருத்துவத்தில் ஓமத்தீநீர் இறக்குவார்களே, அதே வேலைதான். ஒயினை வாலை என்னும் வடிகலத்தில் ஊற்றிச் சூடேற்றி, எழும் ஆவியைக் குளிரவைத்து, சொட்டுவதைப் பிடிப்பார்கள்.

நியூசிலாந்தில் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் சாராயம் வடிப்பதை 1996-ல் சட்டம் அனுமதித்தது. (நம்மூரில் அது குற்றம்.) அங்கே முதல்முறையாக இதில் இறங்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கையில் கடையில் வாங்கிய 12 சதவீத சிவப்பு ஒயின் 10 லிட்டர், ஒரு சின்ன வாலை, ஒரு வெப்பமானி. ஆல்கஹால் கொதிப்பது சுமார் 78 டிகிரி செல்சியஸ், தண்ணீர் 100 என்று பள்ளியில் படித்திருக்கிறார். அப்படியானால் சூட்டை 78-லேயே நிறுத்திப் பிடித்தால் ஆல்கஹால் மட்டும் வந்துவிட வேண்டும் அல்லவா? அரை மணி நேரம் ஆகிறது, ஒன்றும் வரவில்லை.

தவறு வாலையில் இல்லை, அந்தக் கணக்கில் இருக்கிறது. 78 என்பது தனி ஆல்கஹாலின் கொதிநிலை. ஒயினில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டும் ஒன்றோடொன்று முழுக்கக் கலந்துவிட்ட பிறகு ஆல்கஹாலுக்கு ஒரு கொதிநிலை, தண்ணீருக்கு ஒரு கொதிநிலை என்று இருக்காது. கலவைக்கே ஒரு கொதிநிலைதான். 12 சதவீத ஒயினுக்கு அது ஏறக்குறைய 92 டிகிரி. அப்போது எழும் ஆவியில் ஆல்கஹாலும் இருக்கும், தண்ணீரும் இருக்கும். ஆனால் ஆல்கஹாலின் பங்கு ஒயினில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம், 55 முதல் 60 சதவீதம் வரை. காய்ச்சி வடிப்பதன் சூட்சுமம் முழுவதும் இந்த ஏற்றத்தில் இருக்கிறது. வடிய வடிய ஒயினில் ஆல்கஹால் குறையும், கொதிநிலை 100-ஐ நோக்கி ஏறும், விழும் சொட்டும் நீர்த்துக்கொண்டே போகும்.

ஆகவே அடுப்பின் குமிழைத் திருகி வெப்பநிலையை 'வைக்க' முடியாது. கொதிக்கும் வெப்பநிலையைக் கலவைதான் தீர்மானிக்கிறது. குமிழ் தீர்மானிப்பது வேகத்தை மட்டுமே.

விவரம் புரிந்ததும் நம் ஆள் நெருப்பைத் தாராளமாகக் கூட்டுகிறார். இப்போது வேறு தொல்லை. விழுவது இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஒயினின் நிறமிகள் ஆவியாகாதவை. நிறம் வந்திருக்கிறது என்றால் ஒயினே நுரைத்துப் பொங்கிக் குழாய்க்குள் ஏறிவிட்டது என்று பொருள். பாத்திரத்தில் கால் பங்காவது காலியாக விட்டு, தீயைத் தணித்தால் சரியாகிவிடும். தீ என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும்: குளிராமல் தப்பும் ஆல்கஹால் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து அடுப்பைத் தேடிப் போகும்.

இத்தனைக்குப் பிறகும் கிடைத்தது 30 சதவீதச் சரக்கு. "பிராந்தி 40 இருக்க வேண்டாமா?" என்று அவர் வருந்தினால், பிராந்திக்குப் பேர்போன பிரான்சின் கோன்யாக் வட்டாரத்தைக் காட்டலாம். அங்கும் முதல் வடிப்பில் 28 முதல் 32 சதவீதம்தான் வரும். அதை மறுபடி செம்பு வாலையில் ஊற்றுவார்கள். 30 சதவீதக் கலவை 86 டிகிரி வாக்கில் கொதிக்கும், அதன் ஆவியில் ஆல்கஹால் 75 சதவீதத்தை எட்டும். இரண்டாம் வடிப்பு எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்பதற்கு அவர்களிடம் ஓர் உச்சவரம்பும் உண்டு.

மணம்தான் கடினமான பாடம். முதல் சொட்டுகளில் தீக்குச்சி உரசிய நெடி வந்தால் அது கந்தக டை ஆக்சைடு. ஒயின் கெடாமலிருக்கக் கடைச்சரக்கில் சேர்ப்பது, சூடேறியதும் வெளியேறுகிறது. கோன்யாக்கிற்கான ஒயினில் அதைச் சேர்ப்பதே இல்லை, காரணம் இதுதான். அழுகிய முட்டை நாற்றம் வேறு, அது ஹைட்ரஜன் சல்பைடு. எஃகுப் பாத்திரத்தில் வடிப்பவர்களை அதிகம் படுத்தும். செம்பு அதைப் பிடித்துக் கறுப்புப் படிவாகத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். செம்பு வாலையை இன்றும் யாரும் கைவிடாததற்கு அழகு காரணமல்ல. நகப்பூச்சு வாடை அடித்தால் எத்தில் அசிட்டேட், பெரும்பாலும் புளிக்கத் தொடங்கிய ஒயினின் வேலை. முதலில் வரும் 'தலை'யைத் தனியே ஒதுக்குவது முக்கியமாக இந்த எத்தில் அசிட்டேட்டையும், காரநெடி அடிக்கும் அசிட்டால்டிஹைடு என்ற பொருளையும் நீக்கத்தான்.

"மெத்தனாலுக்காக இல்லையா?" என்று கேட்பீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பெயர், கேட்காமல் இருக்க முடியாது. மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், ஆகவே தலையோடு போய்விடும் என்று வடிப்பவர்களே நம்புகிறார்கள். இதுவும் அந்த 78 டிகிரிக் கணக்குதான். தண்ணீரோடு நன்கு ஒட்டிக்கொள்ளும் மெத்தனால், இத்தகைய எளிய வாலையில் தொடக்கம் முதல் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். திராட்சை ஒயினில் அது மிகச் சிறிதளவே உண்டு, வடிப்பதால் புதிதாக உண்டாவதும் இல்லை. கள்ளக்குறிச்சியில் நடந்தது வடிப்பில் வந்த பிழை அல்ல. ஆலைகளில் பயன்படும் மெத்தனாலையே கலந்து விற்றார்கள். அப்படிக் கலந்த பிறகு எந்தத் தலையை வெட்டியும் காப்பாற்ற முடியாது.

கடைசியாக ஒரு புகார்: 40 சதவீதத்துக்கு இறக்கத் தண்ணீர் ஊற்றினால் பால்போலக் கலங்குகிறது. வடிப்பின் முடிவில் வரும் 'வால்' பகுதியில் நீண்ட சங்கிலி எஸ்டர்கள் என்ற எண்ணெய்ப்பசையான பொருள்கள் இருக்கும். கடுமையான ஆல்கஹாலில் கரைந்திருக்கும் இவை, தண்ணீர் கூடியதும் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆசையில் அந்த 'வால்' பகுதியை வெகுநேரம் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். கோன்யாக்கில் இரண்டாம் வடிப்பின்போது, சொட்டு 60 சதவீதத்தை நெருங்கும் சமயத்தில் பாத்திரத்தை மாற்றிவிடுவார்கள். அதன்பின் விழுவது வீணாவதில்லை. அடுத்த முறை ஊற்றும் ஒயினோடு சேர்ந்து மறுபடி வாலைக்குள் போகும்.