வாடைக் காலத்தில் தென்கடலை நம்பி இறங்காதீர்கள்

ஐப்பசி பிறந்ததும் ராமநாதபுரம் கடலோரத்தில் காற்று திசை மாறிவிடும். மாதக்கணக்கில் தென்மேற்கிலிருந்து அடித்த கச்சான் ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து வாடை விழும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும் என்பது வானிலைத் துறையின் கணக்கு. அதே நேரத்தில்தான் எங்கள் பக்கம் வெளியூர்க் கூட்டமும் ஏற ஆரம்பிக்கிறது. தீபாவளி விடுமுறை, கார்த்திகையில் மாலை போட்டு ராமேஸ்வரம் வரும் சாமிமார்கள், தனுஷ்கோடியில் பூநாரை பார்க்க வருபவர்கள், டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறைக் குடும்பங்கள் என்று தை பிறக்கும் வரை ஓயாது. வெயிலும் குறைவு என்பதால் எல்லோருக்கும் படகில் ஒரு சுற்றுப் போக ஆசை வரும்.

படகோட்டிகளுக்கும் சுற்றுலாப் படகு உதவியாளர்களுக்கும் நீர்ப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்தப் பருவத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "வடக்குப் பக்கம் அலை அடிக்குது, சரி. தெற்குப் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கே, அங்க போகலாம்ல?"

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் மூன்றிலும் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வருடத்தின் பெரும்பகுதி வடகடல் சாதுவாகவும் தென்கடல் சீறிக்கொண்டும் இருக்கும். வாடையில் இது அப்படியே தலைகீழ். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அதில் நேரே காற்று விழும்போது அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவிட நேரம் தராமல் வரும். அதைப் பார்த்தால் குழந்தைகூட இறங்காது. அந்த வகையில் வடகடல் தன் ஆபத்தை மறைப்பதில்லை.

தென்கடல் மறைக்கும். காற்று நிலத்தைத் தாண்டி வந்து கடலுக்குள் போகிறது. அலை எழும்பக் காற்றுக்குத் தண்ணீர்மேல் ஓட இடம் வேண்டும். கரையோரத்தில் அந்த இடம் கிடையாது. அதனால் முதல் இருநூறு, முந்நூறு மீட்டருக்குத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். கரையில் பனை, சவுக்கு, வீடுகளின் மறைவு வேறு. நிற்பவர் முகத்தில் காற்றே படாது. மறைவைத் தாண்டிப் போனதும் முதுகில் காற்று பிடிக்கும். கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் இருப்பவருக்கு அப்போதும் சந்தோஷம்தான். துடுப்பு போடாமலே வேகமாகப் போகிறோமே என்று நினைப்பார். திரும்பும்போதுதான் விஷயம் தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் எளிதாகத் திரும்பியவர், 20 கிலோமீட்டர் காற்றில் முழு பலத்தோடு துடுப்பு போட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்க நேரலாம். கை சோர்ந்ததும் பின்னால் போக ஆரம்பிப்பார். பாம்பன் கால்வாய்க்குப் பக்கம் என்றால் நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். வாடைக் காலத்தில் அது வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் தென்கரையில் இதை நேரிலேயே பார்த்தேன். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், இருவர் உட்காரும் கயாக். புறப்படும் முன்பே கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "வேணாம் தம்பி, வாடை விழுந்துருச்சு. போறது போயிருவ, வர்றதுதான் வம்பு." தம்பிகள் சிரித்துக்கொண்டே போனார்கள். சற்று நேரத்தில் புள்ளியாகிவிட்டார்கள். ஒருவன் கயாக்கை விட்டுவிட்டு நீந்தி வந்துவிடலாம் என்று குதிக்கப் பார்த்திருக்கிறான், கரை அவ்வளவு பக்கத்தில் தெரிந்ததாம். மற்றவன் அவனுடைய லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கிறான். அந்த இழுப்புதான் இருவரையும் காப்பாற்றியது. நண்டு வலை எடுக்கப் போன ஒரு வல்லம் அவர்களைப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. தண்ணீரில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். நூறு மீட்டரில் வல்லம் போனாலும் கண்ணில் படாது. மஞ்சள் நிறக் கயாக் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். கவிழ்ந்தாலும் சரி, நிரம்பினாலும் சரி, படகு மிதக்கிற வரை அதை விட்டு விலகக் கூடாது.

ஆகவே இறங்குமுன் காலடியில் உள்ள தண்ணீரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பனை உச்சியைப் பாருங்கள். ஓலைகள் எல்லாம் கடலை நோக்கிச் சாய்ந்து, ஓயாமல் சலசலத்தால், மேலே காற்று பலமாக இருக்கிறது. பிறகு தூரத்தில், மறைவு முடியும் இடத்தில் பாருங்கள். அங்கே வெள்ளை நுரை ஓடினால் கயாக், பேடில் போர்டு என்ற நின்று துடுப்பு போடும் பலகை, காற்றடைத்த ரப்பர் படகு எதுவும் அன்றைக்கு வேண்டாம். புதியவர்களுக்கு மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் நான் அனுமதிப்பதில்லை. குறைவாக இருந்தாலும் கரையை ஒட்டி, இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் இன்ஜின் படகு ஒன்று நிற்கும்போது மட்டும்தான். ஐந்து நிமிடம் போனதும் திரும்பிக் கரையை நோக்கிக் கொஞ்சம் துடுப்பு போட்டுப் பார்க்கச் சொல்வேன். வந்த நேரத்தைவிடத் திரும்ப ஆகும் நேரம் கூடுதலாக இருந்தால் அப்படியே கரைக்கு வந்துவிட வேண்டும்.

எங்கள் மாவட்டத்தின் காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் ஓடும் கால்வாய்கள் இதைவிடப் பாதுகாப்பானவை. மரங்கள் காற்றைத் தடுக்கும், தண்ணீரும் ஆழமில்லை. ஆனால் கால்வாய் முடிந்து கடல் திறக்கும் இடத்தில் வாடை நேராக முகத்தில் விழும். அங்கே வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்பிவிடுங்கள், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்ச வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் போட்டிருக்கிறார்கள், ஆனால் போட்டது மாதிரி இல்லை. கொக்கியை மாட்டியதும் ஒருவர் பின்னால் நின்று ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால் தண்ணீரில் தலைக்கு மேலே ஏறிவிடும், ஆள் கீழே நழுவிவிடுவார். பெரியவர்களுடைய ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டி நாடாவை இரண்டு சுற்று சுற்றிக் கட்டுவதை நான் ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். அது ஜாக்கெட்டே இல்லை. குழந்தை அளவில், கால்களுக்கு இடையே வார் உள்ளது இல்லையென்றால் குழந்தையை ஏற்றாதீர்கள். புடவை முந்தானை, துப்பட்டா இரண்டையும் ஜாக்கெட்டுக்கு உள்ளே செருகிவிட்டுப் பிறகு கொக்கி மாட்டுங்கள். வெயிலில் வெளுத்து, விரலால் அமுக்கினால் நொறுங்கும் ஜாக்கெட்டைக் கொடுத்தால் தயங்காமல் வேறு கேளுங்கள். படகுக்காரருடன் சண்டை போடுவதாக நினைக்காதீர்கள். நல்ல படகுக்காரர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஆள் கணக்கும் அப்படித்தான். 2011 டிசம்பர் 25, பழவேற்காடு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகில் அளவுக்கு மீறி ஏறிப்போய் 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில், சூரியன் மறைந்த பிறகும் அளவுக்கு மீறி ஏற்றிச் சென்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்ததில் அங்கேயும் 22 பேர். இருட்டும் கூட்டமும் சேர்ந்த படகில், கவிழ்ந்த பிறகு யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நவம்பரில் ராமேஸ்வரத்தில் 5.50 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், மேகம் இருந்தால் ஐந்தரைக்கே மங்கிவிடும். நாலரைக்கு மேல் டிக்கெட் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

மழையையும் இடியையும் பற்றி நம் ஊரில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காக. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2020 டிசம்பரில் பாம்பன் அருகே வந்து வலுவிழந்த புரெவியும் இந்தப் பருவத்தில் வந்தவைதான். பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் கூண்டு ஏற்றினால் எங்கோ தூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது என்று பொருள். அது தூரத்தில்தானே என்று சொல்லிப் படகு கேட்பவர்கள் உண்டு. 3ஆம் எண் என்றால் காற்று துறைமுகத்துக்கே வரப்போகிறது. உல்லாசப் பயணத்துக்கு 1ஆம் எண்ணே போதும், அன்றைக்குக் கோயிலுக்குப் போங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு இருக்கும் நாளில், அவர்களைவிடக் கடல் தெரியாத நாம் போவதற்கு ஒரு நியாயமும் இல்லை. இடிச்சத்தம் கேட்டாலே படகு கரைக்குத் திரும்ப வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் தண்ணீரில் இறங்கக் கூடாது.

கிளம்புமுன் எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் அவர் யாருக்காகவும் காத்திருக்காமல் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093 என்று அழைக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, ஆகவே ஒரு விசில் கழுத்தில் தொங்கட்டும்.

மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்தால் தலைகீழாகத் தூக்குவது, சுழற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், அதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூச்சு இல்லாத நிமிடம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு மேலே எழும்படி ஊதுங்கள். பிறகு நெஞ்சை அமுக்குங்கள். ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுகிறார் என்றாலும், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய் இருமியவரை லாட்ஜுக்குக் கூட்டிப்போகாமல் நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.