சீஸ் உருண்டையில் மீனுக்கு எட்டுவது எது?

மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கியதும் தலவாக்கலைப் பக்கம் கொத்மலை ஓயா தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். தோட்டத்து மண் அத்தனையும் ஆற்றில். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. அந்த நாட்களிலும் கரையில் தூண்டிலோடு ஆட்கள் நிற்பார்கள். முள்ளில் மண்புழுவோ கோதுமை மா உருண்டையோ பாணின் நடுப்பகுதியோ இருக்கும். இப்போது சிலர் வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணச் சீஸையும் மாவோடு சேர்த்துப் பிசைகிறார்கள். திலாப்பியாவும் கார்ப்பும் அதற்கு வரத்தான் செய்கின்றன.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. சீஸ் என்ற பொருள் எந்த ஆற்றிலும் இல்லை. மீனின் பரம்பரையில் பால் குடித்தது எதுவும் இல்லை. கண்டிராத ஒன்றை, அதுவும் கலங்கல் நீரில், மீன் எப்படித் தேடி வருகிறது?

மூக்கைப் பொத்த வைக்கும் அளவுக்கு நாற்றமடிக்கும் சீஸ்தான் நல்ல இரை என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நம் மூக்குக்குக் காற்றில் ஆவியாகப் பறந்து வருவது மட்டுமே எட்டும். பழைய சீஸில் நமக்கு அடிக்கும் அந்தக் காரமான வாடைக்குப் பியூட்டிரிக் அமிலம் போன்ற சிறிய கொழுப்பமிலங்கள் பெரும் காரணம். மீனுக்கு எட்டுவதோ நீரில் கரைந்து வருவது. மீனை அதிகம் இழுப்பவை அமினோ அமிலங்கள், அதாவது புரதச் சங்கிலியின் தனித்தனிக் கண்ணிகள். அவை ஆவியாவதே அரிது என்பதால் அவற்றில் பல நம் மூக்குக்கு வாசமே இல்லாதவை. ஒரே சீஸ் துண்டிலிருந்து நாம் ஒன்றை முகர்கிறோம், மீன் வேறொன்றை முகர்கிறது.

அந்த அமினோ அமிலங்கள் சீஸுக்குள் எப்படி வந்தன? பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 விழுக்காடு கேசின். பாலைத் திரைய வைத்து, தண்ணீரை வடித்து, அழுத்தி, மாதக்கணக்கில் முதிர விடும்போது நொதிகளும் லக்டிக் அமில பக்டீரியாக்களும் அந்தக் கேசினை வெட்டிக்கொண்டே இருக்கின்றன. நீண்ட சங்கிலி சிறு துண்டுகளாகி, கடைசியில் தனித்தனி அமினோ அமிலங்களாகிறது. நன்றாக முதிர்ந்த இத்தாலியப் பார்மசான் சீஸில் 100 கிராமுக்கு 1 கிராமுக்கு மேல் குளுட்டாமேட் என்ற அமினோ அமிலம் தனியாகவே இருக்கும். பாலில் அது மிகச் சொற்பம். முதிர்ந்த சீஸை உடைத்தால் உள்ளே நறநறவென்று வெள்ளைப் புள்ளிகள் தட்டுப்படும்; அவற்றில் பல டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமானவை. புரதம் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மண்புழு நசுங்கினாலும், நீர்ப்பூச்சி செத்தாலும், இறால் அடிபட்டாலும் நீரில் கசிவது இதே வகைப் பொருட்கள்தான். ஆகவே மீன் சீஸைத் தேடி வரவில்லை. அருகில் எங்கோ புரதம் உடைந்து கசிகிறது என்ற செய்தியைத் தொடர்ந்து வருகிறது. நாற்றமுள்ள சீஸ் நல்ல இரையாவதும் இதனால்தான்: நாற்றம் வருமளவுக்கு முதிர்ந்ததில் அமினோ அமிலமும் கூடியிருக்கும்.

மீனின் மூக்கு மூச்சுவிட அல்ல. பெரும்பாலான மீன்களில் அது தொண்டையோடு இணைவதே இல்லை. முன்துளை வழியே நீர் நுழைந்து, பூவிதழ் போல் மடிந்த ஒரு திசுவைத் தழுவி, பின்துளை வழியே போய்விடும். சில அமினோ அமிலங்கள் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியில் ஒரு சில மில்லிகிராம் கரைந்தாலே அந்தத் திசு உணர்ந்துவிடும்.

ஆனால் வாசனை மீனிடம் போய்ச் சேர வேண்டுமே. அங்கேதான் ஆற்றின் பங்கு வருகிறது. அசையாத நீரில் ஒரு அமினோ அமில மூலக்கூறு தானாகப் பரவி 1 சென்ரிமீற்றர் நகர ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பதால் 1 மீற்றருக்கு 15 ஆண்டுக்கும் மேல் கணக்கு வரும். காற்றில் இதே பரவல் சுமார் 10,000 மடங்கு வேகம். அதனால் நீரில் வாசனையைச் சுமப்பது நீரோட்டம் மட்டுமே. விநாடிக்கு 30 சென்ரிமீற்றர் ஓடும் ஓயா அந்த 1 மீற்றரை மூன்றரை விநாடிக்குள் கடந்துவிடும்.

அப்படி ஓடும் வாசனை ஒரே சீராகப் பரவுவதில்லை. சாம்பிராணிப் புகை போல இழை இழையாகப் பிரிந்து, கல்லில் மோதிச் சுழன்று, இடையிடையே வெறும் நீரும் கலந்து போகிறது. கீழே, ஆறு போகும் திசையில் இருக்கும் மீன் ஓர் இழையில் பட்டதும் நீரோட்டத்தை எதிர்த்து மேலே நீந்தும். இழை அறுந்தால் பக்கவாட்டில் அலைந்து மீண்டும் பிடிக்கும். இரைக்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கும் மீனுக்கு இதெல்லாம் நடப்பதே தெரியாது.

கிட்ட வந்த பிறகு நாக்கின் வேலை. இதில் கார்ப்பை மிஞ்ச ஆளில்லை. அதன் வாயோர மீசைகளில் சுவை மொட்டுகள் உண்டு. வாயின் மேற்புறத்தில் தசையும் சுவை மொட்டும் நிறைந்த ஒரு மெத்தை இருக்கிறது. மணலும் கல்லும் இரையும் சேர்ந்து வாய்க்குள் போனால், அந்த மெத்தை உண்ணத்தக்கதை மட்டும் இறுக்கிப் பிடிக்கும். மற்றது வெளியே துப்பப்படும். தக்கை இலேசாக ஆடி நின்றுவிடும் கணம் பெரும்பாலும் இந்தச் சோதனைதான். கம்பளை, நாவலப்பிட்டிக்குக் கீழே மகாவலியில் கிடைக்கும் கெளுத்தி இனங்கள் உடம்பாலும் சுவைப்பவை. அமெரிக்கக் கால்வாய்க் கெளுத்தியின் தோலில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவை மொட்டுகள் உண்டு. அந்த நாட்டில் நாற்றச் சீஸைக் கெளுத்திக்குக் கட்டுவது பழைய வழக்கம். இங்கிலாந்திலோ 17ஆம் நூற்றாண்டிலேயே ஆற்று மீனுக்குச் சீஸ் கட்டியிருக்கிறார்கள்.

திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது, கார்ப் 1915இல். இரண்டும் எதையும் தின்று பார்க்கும் இனம். தோட்டத்துப் பீலிக்கரைக்குக் கீழே சோற்றுப் பானை கழுவிய நீர் ஓடையில் சேரும் இடத்து மீன்கள் மனிதச் சாப்பாட்டுக்குப் பழகியும் இருக்கும். ட்ரவுட் அப்படியல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைத் துரைமார் குளிர் ஓடைகளில் விட்ட மீன் அது. தெளிந்த நீரில் அடித்து வரும் பூச்சியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கிறது. அதன் மூக்கு மட்டமில்லை, ஆனால் வேட்டை கண்ணை நம்பியது. பண்ணையில் தீனி உருண்டை தின்று வளர்ந்த ட்ரவுட் சீஸ் கலந்த மாவை விரும்பலாம். ஓடையிலேயே பிறந்ததற்கு மஞ்சள் உருண்டை அந்நியம். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, அங்கே தூண்டிலே போடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மலைநாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு: குளிர். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். பால்கொழுப்பு முழுதாக உருக 30 பாகைக்கு மேல் வேண்டும். வெறும் சீஸை முள்ளில் குத்திக் குளிர் நீரில் போட்டால் கொழுப்பு இறுகித் துண்டு கெட்டியாகும். இரண்டு நட்டம்: கரைய வேண்டியது உள்ளேயே சிக்கிக்கொள்ளும், மீன் கடித்து நீங்கள் தங்கூசி நூலைச் சுண்டும்போது முள் சீஸை விட்டு வெளியே வராது. அதற்குத்தான் மாவு. நனைத்துப் பிழிந்த பாணின் நடுப்பகுதியோடு துருவிய சீஸைப் பிசைந்தால் உருண்டை மிருதுவாகவே இருக்கும். வெறும் கோதுமை மாவை அதிகம் பிசைந்தால் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலையாக இறுகிவிடும். வேகமான ஓட்டத்தில் உருண்டை கழலாமலிருக்க அது கொஞ்சம் வேண்டும், ஆனால் கொஞ்சம்தான்.

எந்தச் சீஸ்? இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுநீர் எடுத்து, ஒன்றில் முக்கோணச் சீஸ், மற்றதில் கட்டிச் சீஸ் போட்டுப் பாருங்கள். முக்கோணத்தின் ஓரம் விரைவில் குழைந்து, இலேசாக ஆட்டினாலே பால் போல ஒரு மேகம் கிளம்பும். அதைத் தயாரிக்கும்போது சேர்க்கும் சிட்ரேட், பொஸ்பேட் உப்புகள் கேசினைப் பிணைத்திருக்கும் கல்சியத்தைப் பறித்துக்கொள்வதால் புரதம் நீரில் எளிதாகக் கலைகிறது. கட்டிச் சீஸ் அப்படியே கிடக்கும். ஆனால் முதிர்ந்ததென்றால் அமினோ அமிலம் அதில்தான் அதிகம். என் தேர்வு இரண்டும் கலந்தது. ஒன்று கரைந்து வழி காட்டும், மற்றது சுவை கொடுக்கும்.

மிச்சச் சீஸைக் கைப்பிடியாக ஆற்றில் எறிய வேண்டாம். பால்பொருள் அழுகும்போது நீரின் ஒட்சிசனை மிக அதிகமாக உறிஞ்சும். சிறு ஓடையின் தேங்கல்களில் அது கல்லோடு ஒட்டி வாழும் நம் நாட்டுச் சிறு மீன்களைத்தான் முதலில் மூச்சு முட்ட வைக்கும். அந்த ஓடைத் தண்ணீரைக் கீழேயுள்ள லயத்தில் யாரோ குடிக்கவும் செய்வார்கள். அணைக்குக் கீழே நிற்பவர்கள் சைரன் ஒலித்தால் தூண்டிலைப் பற்றி யோசிக்காமல் கரையேறிவிட வேண்டும். கதவு திறந்தால் நீர் நினைப்பதைவிட வேகமாக ஏறும்.

உருண்டையைப் போட நல்ல இடம், பாறைக்குப் பக்கத்தில் வேக நீரும் மெது நீரும் உரசும் கோடு. மீன் சக்தியை மிச்சப்படுத்த மெது நீரில் ஒதுங்கி நிற்கும். வேக நீரின் விளிம்பில் கிடக்கும் இரையின் வாசனை சுழன்று அங்கே போய்ச் சேரும். அடிக்கடி தூக்கிப் பார்த்தால் அந்த இழை அறுந்துவிடும், கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்த மீன் வழி தவறும். அதேசமயம் மணிக்கணக்கில் விட்டாலும் பயனில்லை. உருண்டையின் மேல்தோலில் இருந்த அமினோ அமிலம் சீக்கிரமே கழுவுண்டு போய்விடும். உள்ளே இருப்பது அந்த 1 சென்ரிமீற்றருக்கு 14 மணி நேரம் என்ற வேகத்தில்தான் வெளியே வரப் பார்க்கும். அதனால் அரை மணிக்கு ஒரு தடவை பழையதை எடுத்துவிட்டு, விரல் நுனி அளவில் புதிய உருண்டை ஒன்றை, முள்ளின் நுனி வெளியே தெரியும்படி குத்திப் போடுங்கள்.