அட்சதை விழும்போது வீடியோ ஏன் கட்டம் கட்டமாகிறது?

அக்கா கல்யாணம் 2006-ல் நடந்தது. அந்த டிவிடி இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் போட்டுப் பார்க்க வீட்டில் பிளேயர் இல்லை. சொந்தக்காரர்கள் போனிலேயே பார்க்கட்டும் என்று மாற்ற உட்கார்ந்தேன். முதல் முறை மற்றதெல்லாம் சுமாராக வந்தது, கெட்டிமேளம் முழங்கி அட்சதை பறக்கும் அந்தப் பத்து விநாடியில் மட்டும் அக்கா முகமே கட்டம் கட்டமாகச் சிதறிப்போனது.

டிவிடியைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டருக்குள் விஓபி (VOB) கோப்புகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள். அவை தனித்தனி வீடியோ அல்ல, ஒரே ஓட்டத்தை வெட்டி வைத்த துண்டுகள். ஒன்றை மட்டும் காப்பி செய்தால் நலங்கு பாதியில் அறுந்துவிடும். நம் ஊர் டிவிடியில் ஒரு படம் 720-க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள். அழுத்தாமல் வைக்க விநாடிக்குச் சுமார் 124 மெகாபிட் தகவல் வேண்டும், 4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரத்தை அடக்கினால் கிடைப்பதோ 5 மெகாபிட் சொச்சம்தான். ஆக, நம் கைக்கு வரும்போதே அது எம்பெக்-2 என்ற அழுத்தும் முறையில் ஒரு தடவை நன்றாகப் பிழியப்பட்டதுதான்.

பிழிவதன் சூட்சுமம், மாறாததைத் திரும்ப எழுதாமல் இருப்பது. அரை விநாடிக்கு ஒரு தடவை போல முழுப் படம் ஒன்று சின்னச் சின்னக் கட்டங்களாகப் பதிவாகும், நடுவில் வருபவற்றுக்கு "இந்தக் கட்டம் மூன்று புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது" என்கிற குறிப்பும் மீதி வித்தியாசமும் போதும். மணவறைத் தூண் அசையாது, அதற்குச் செலவே இல்லை. ஆனால் நூறு கை அரிசியை வீசும்போது எந்தக் கட்டமும் முந்தைய படத்தில் கிடைக்காது, கூடவே கேமரா ஃப்ளாஷ் வெட்டினால் கணிப்பு மொத்தமும் பொய்த்துவிடும். அந்த நேரம் பார்த்து நான் பிட்டைக் கட்டிப்போட்டிருந்தேன்: மொத்தம் 700 எம்பிக்குள், எல்லா விநாடிக்கும் ஒரே பங்கு. அட்சதைக்கு அது பற்றாமல்தான் கட்டங்கள் அப்படியே வெளியே தெரிந்தன.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். டிவிடியில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதிகளாக, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டிருக்கும். பழைய பெட்டி டிவியில் இது தெரியாது, போனில் பார்த்தால் அசையும் கை ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் நிற்கும். அழுத்தும் மென்பொருள் அந்தப் பல்லையும் படத்தின் நுணுக்கம் என்று நம்பி அதற்குப் பிட்டைச் செலவழிக்கும், அதனால் அழுத்துவதற்கு முன்பே டிஇன்டர்லேஸ் (பாதிப் படங்களைச் சீப்புப் பல் இல்லாத முழுப் படமாக்குவது) செய்துவிட வேண்டும்.

அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.264 என்ற அழுத்தும் முறையைத் தேர்ந்தெடுத்து, அளவை விட்டுவிட்டுத் தரத்தை 20 என்று வைத்தேன். எச்.264 நான்குக்கு நான்கு புள்ளி வரை சின்னக் கட்டமாகப் பிரித்துத் தேடும், முன்னால் வந்த ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் இருந்தும் எடுத்துக்கொள்ளும், கட்ட ஓரங்களை மழுப்பியும் விடும். தூணுக்கு மிச்சம் பிடித்ததை அட்சதைக்குக் கொடுத்தது. 1.4 ஜிபி வந்தது, இந்தத் தடவை ஒவ்வொரு அரிசியும் தெரிந்தது.

பகிரும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டால் அது மறுபடி ஒரு தடவை அழுத்திவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பது இன்னும் நல்லது. விஓபி கோப்புகளை மட்டும் அழிக்காதீர்கள். எதிர்காலத்தில் இதைவிட நல்ல முறை வந்தால் அவற்றிலிருந்துதான் மறுபடி தொடங்க முடியும், இரண்டு தடவை பிழிந்த இந்த எம்பி4 கோப்பில் இருந்து முடியாது.